பழைய சிறு வானூர்திகளுக்கான மாற்று உதிரிபாகங்கள்

பழைய சிறு வானூர்திகளுக்கான மாற்று உதிரிபாகங்கள் எனப்படுபவை, பல பத்தாண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட தனியார் சிறு வானூர்திகளில் தேய்ந்த அல்லது பழுதடைந்த பாகங்களுக்குப் பதிலாகப் பொருத்தப்படும் பாகங்கள் ஆகும். தானுந்து ஒன்றுக்குச் சந்தையில் அளவொத்த பாகம் கிடைத்தால் அதை வாங்கிப் பொருத்திவிடலாம். வானூர்திக்கு அளவு ஒத்திருந்தால் மட்டும் போதாது. அப்பாகம் சட்டப்படி ஒப்புதல் பெற்ற வழியில் செய்யப்பட்டிருக்க வேண்டும். இதனால் ஒரு சிறு பாகம் கிடைக்காத காரணத்தால் முழு வானூர்தியும் பறக்காமல் கொட்டகையில் நிற்பது உண்டு. இக்கட்டுரை, இத்தகைய வானூர்திகள் மிகுதியாக உள்ள ஐக்கிய அமெரிக்காவின் நடைமுறையை விளக்குகிறது.

பின்னணி

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்காவில் சிறு வானூர்தி உற்பத்தி பெருகியது. 1946 ஆம் ஆண்டில் மட்டும் 30,000க்கும் மேற்பட்ட சிறு வானூர்திகள் கட்டப்பட்டன. எதிர்பார்த்த அளவு வாங்குவோர் இல்லாததால் அடுத்த ஆண்டே சந்தை சரிந்தது. பல நிறுவனங்கள் மூடப்பட்டன அல்லது கைமாறின. பைப்பர் கப், எர்கூப், லஸ்கோம், ஏரோன்கா முதலிய அக்கால வானூர்திகளில் பல இன்றும் பறக்கின்றன.

இரண்டாவது இடைவெளி 1980களில் ஏற்பட்டது. இழப்பீட்டு வழக்குகளின் செலவு கூடியதைக் காரணம் காட்டி, செஸ்னா நிறுவனம் 1986 இல் உந்துதண்டுப் பொறி கொண்ட வானூர்திகளின் உற்பத்தியை நிறுத்தியது. 1994 இல் இயற்றப்பட்ட பொது வான்போக்குவரத்துப் புத்துயிர்ப்புச் சட்டம், 18 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறு வானூர்திகள் தொடர்பாக உற்பத்தியாளர் மீது வழக்குத் தொடுப்பதைப் பெரிதும் கட்டுப்படுத்தியது. அதன்பின் 1996 இல் செஸ்னா 172 மீண்டும் உற்பத்திக்கு வந்தது. எனினும் அச்சட்டத்தின்படி, புதிதாகப் பொருத்தப்படும் மாற்றுப் பாகத்துக்கு மட்டும் 18 ஆண்டுக் காலம் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது. பழைய வானூர்திக்குப் புதிய பாகம் செய்து தரும் நிறுவனம் புதிய பொறுப்பையும் ஏற்கிறது. பாகங்களின் விலை உயர்வாக இருப்பதற்கு இதுவும், குறைந்த எண்ணிக்கையில் செய்யப்படுவதும் காரணங்களாகும்.

சட்ட அடிப்படை

ஒவ்வொரு வானூர்தி வகைக்கும் வகைச் சான்றிதழ் ஒன்று உண்டு. அமெரிக்க நடுவண் வான்போக்குவரத்து நிருவாகம் (எஃப்.ஏ.ஏ) வழங்கும் இச்சான்றிதழில் ஏற்கப்பட்ட வடிவமைப்பிலிருந்து வானூர்தி விலகக் கூடாது. கூட்டாட்சி விதித்தொகுப்பின் 14 ஆம் தலைப்பு, 21.9 ஆம் பிரிவு, எவ்வகைப் பாகங்களைப் பொருத்தலாம் எனக் கூறுகிறது. அவற்றுள் முதன்மையானவை:

* வகைச் சான்றிதழ் அல்லது உற்பத்திச் சான்றிதழின் கீழ் செய்யப்பட்டவை
* பாக உற்பத்தி ஒப்புதல் (பி.எம்.ஏ) பெற்ற வேறு நிறுவனங்கள் செய்தவை
* ஏஎன், எம்எஸ், என்ஏஎஸ் போன்ற தரக்குறியீடுகளுக்கு ஏற்ப அமைந்த திருகாணி, மரை முதலிய பொதுப் பாகங்கள்
* உரிமையாளர் தம் வானூர்திக்காகச் செய்துகொண்டவை

பாகங்களைத் தேடும் முறை

முதலில் உற்பத்தியாளரின் படவிளக்கப் பாகப் பட்டியலில் பாக எண் கண்டறியப்படும். ஒரே வகை வானூர்தியிலும் தொடர் எண்ணைப் பொறுத்துப் பாகம் மாறுபடலாம். பழைய எண்ணுக்குப் பதிலாகப் புதிய எண் வழங்கப்பட்டிருக்கலாம். அடுத்து, வகைச் சான்றிதழ் இப்போது யாரிடம் உள்ளது என்று பார்க்கப்படும். மூல நிறுவனம் மறைந்தாலும் சான்றிதழ் வேறிடம் சேர்ந்திருக்கக்கூடும். கொலராடோவின் யூனிவேர் நிறுவனம் எர்கூப், ஸ்டின்சன் 108 ஆகியவற்றின் சான்றிதழ்களைப் பெற்று அவற்றுக்குப் பாகங்கள் செய்தது. ஸ்விஃப்ட் வானூர்தியின் சான்றிதழ் அதன் ஆர்வலர்கள் அமைத்த அருங்காட்சியக அறக்கட்டளையிடம் சேர்ந்தது.

குறிப்பிட்ட வகை வானூர்திகளின் உரிமையாளர் சங்கங்கள் மற்றொரு வழியாகும். எந்தப் பாகம் எங்கே கிடைக்கும், எது வேறு வகையுடன் பொதுவானது என்னும் அறிவு இவற்றில் சேர்ந்துள்ளது.

பயன்படுத்திய பாகங்கள்

விபத்துக்குள்ளான அல்லது கைவிடப்பட்ட வானூர்திகளைக் கழற்றி விற்கும் கிடங்குகள் பலவற்றுக்கு ஒரே ஆதாரமாக உள்ளன. இவற்றில் பாகத்தின் வரலாறு முக்கியமானது. ஆயுள் வரம்பு கொண்ட பாகம் எத்தனை மணி நேரம் பறந்தது என்பதற்குப் பதிவேடு இல்லையெனில் அதைப் பயன்படுத்த இயலாது. விபத்தில் அதிர்ந்த பாகத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் இருக்கலாம். எஃகுப் பாகங்கள் காந்தத் துகள் முறையாலும், அலுமினியப் பாகங்கள் ஊடுருவும் சாய முறையாலும் சோதிக்கப்படுகின்றன.

உரிமையாளர் செய்யும் பாகங்கள்

எங்கும் கிடைக்காத பாகத்தை உரிமையாளரே செய்துகொள்ள விதி இடமளிக்கிறது. அவரே கடைசல் எந்திரத்தில் வேலை செய்ய வேண்டும் என்பதில்லை. பின்வருவனவற்றுள் ஒன்றிலேனும் பங்கேற்றால் போதும்:

# வடிவமைப்புத் தரவுகளை அளித்தல்
# மூலப்பொருளை அளித்தல்
# செய்முறையை அளித்தல்
# தரக்கட்டுப்பாட்டு முறையை அளித்தல்
# செய்யும் பணியை நேரில் மேற்பார்த்தல்

அப்பாகம் அவருடைய வானூர்திக்கு மட்டுமே உரியது. விற்பனைக்காகச் செய்ய முடியாது. ஏற்கப்பட்ட வடிவமைப்புடன் அது ஒத்திருக்கிறது என்பதற்குச் சான்றும் வேண்டும்.

மாற்றுப் பொருட்கள்

சில இடங்களில் மூலப் பாகத்தைவிடச் சிறந்த மாற்று ஏற்கப்பட்டுள்ளது. பருத்தித் துணியால் போர்த்தப்பட்ட பழைய இறக்கைகளுக்கு, துணை வகைச் சான்றிதழின் கீழ் பாலியெஸ்டர் துணி பயன்படுத்தப்படுகிறது. பழைய செஸ்னாக்களின் குட்இயர் தடைகளுக்குப் பதிலாகக் கிளீவ்லாந்து தடைகள் பொருத்தப்படுகின்றன. எஃப்.ஏ.ஏ 2009 இல் பழைய வானூர்திகளில் பாகங்களையும் பொருட்களையும் மாற்றிக்கொள்வது பற்றிய வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. 1980க்கு முன் வகைச் சான்றிதழ் பெற்ற சிறு வானூர்திகளுக்கு மாற்றுப் பாகங்களை எளிதாக ஒப்பும் வார்மா என்னும் திட்டம் 2022 இல் அறிவிக்கப்பட்டது.

வரைபடங்களுக்கான வழக்கு

பாகத்தைச் செய்ய அதன் மூல வரைபடம் வேண்டும். கிரெக் ஹெரிக் என்பவர் 1930களில் கட்டப்பட்ட ஃபேர்சைல்டு எஃப்-45 வானூர்தியைப் புதுப்பிக்க, எஃப்.ஏ.ஏ வசம் இருந்த வரைபடங்களைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டார். அவை வணிக இரகசியம் எனக் கூறி மறுக்கப்பட்டன. அவர் தொடுத்த வழக்கும் தோற்றது. பின்னர் அவருடைய நண்பர் பிரெண்ட் டெய்லர் அதே ஆவணங்களைக் கோரினார். ஒருவர் தோற்றதால் மற்றவர் வழக்குத் தொடுக்கத் தடையில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2008 இல் தீர்ப்பளித்தது. உரிமையாளரைக் கண்டறிய முடியாத, செயலற்றுப்போன சான்றிதழ்களின் தரவுகளைப் பாதுகாப்புக் கருதி வெளியிட எஃப்.ஏ.ஏ-வுக்கு 2012 ஆம் ஆண்டுச் சட்டம் அதிகாரம் அளித்தது.

பாதுகாப்பு

இக்கட்டுப்பாடுகளின் தேவையைச் சில நிகழ்வுகள் காட்டுகின்றன. பல செஸ்னா வகைகளில் இருக்கைத் தண்டவாளத்தின் துளைகள் தேய்ந்தால், மேலெழும்போது இருக்கை பின்னோக்கி நழுவக்கூடும். விமானி தன்னையறியாமல் கட்டுப்பாட்டுச் சக்கரத்தை இழுக்க, வானூர்தியின் மூக்கு உயர்ந்து விபத்து நேரலாம். இதற்காக 1987 இல் கட்டாயச் சோதனை ஆணை பிறப்பிக்கப்பட்டு, 2011 இல் புதிய ஆணையால் மாற்றப்பட்டது. போலிப் பாகங்களின் ஆபத்து 1989 இல் வெளிப்பட்டது. பயணிகள் வானூர்தியான பார்ட்னேர் 394 டென்மார்க் அருகே கடலில் வீழ்ந்து 55 பேர் இறந்தனர். அதன் செங்குத்து வாலைப் பிணைத்த திருகாணிகளில் சில தரமற்ற போலிகள் என விசாரணையில் தெரியவந்தது. எனவே பாகத்தை விற்பவர் என்ன ஆவணம் தந்தாலும், பொருத்தும் முன் அதன் தகுதியைத் தீர்மானிக்கும் பொறுப்பு உரிமம் பெற்ற பொறிமுறையாளரையும், வானூர்தியைப் பறக்கும் தகுதியுடன் வைத்திருக்கும் பொறுப்பு உரிமையாளரையும் சார்ந்துள்ளது.