வெடிக்காத பாட்டரி



மதுரை மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்துக்கு அருகில் என் பழைய மாணவர் ஒருவர் மின்பொருட் கடை வைத்திருக்கிறார். வெளியூர் செல்லும் நாள்களில் அங்கே சிறிது நேரம் அமர்ந்து போவது என் வழக்கம். சென்ற கோடையில் ஒருநாள் மேலூர்ப் பக்கத்திலிருந்து மூதாட்டி ஒருவர் அக்கடைக்கு வந்தார். பேரன் கல்லூரியில் படிக்கிறானாம். மின்சாரம் நின்றால் அவனுடைய கணிப்பொறியும் நின்றுவிடுகிறதாம். "வெல முன்னப்பின்ன இருந்தாலும் பரவாயில்ல, வெடிக்காத பாட்டரியாப் பாத்துக் குடுப்பா" என்றார். கடைக்காரர் என் பக்கம் திரும்பி, "ஐயா, எனக்கு ரசாயனம் சொல்லிக் கொடுத்தது நீங்கதான். நீங்களே சொல்லுங்க" என்று சிரித்தார். அன்று நான் பேருந்தைத் தவறவிட்டேன்.

மாட்டுத்தாவணி என்பது, பெயரே உணர்த்துவதுபோல, மாடுகள் விற்கவும் வாங்கவும் மக்கள் கூடிய இடம். மாடு வாங்குவோர் பல்லைப் பிடித்துப் பார்ப்பர், சுழி பார்ப்பர், நாலடி நடக்கவிட்டும் பார்ப்பர். மூடி முத்திரையிட்ட பாட்டரிக்குப் பல் ஏது, சுழி ஏது? ஆயினும் அதற்கும் ஒரு குலம் உண்டு. அக்குலத்தின் வரலாற்றை அறிந்தால் அதன் குணத்தையும் ஒருவாறு அறியலாம்.

1800ஆம் ஆண்டில் இத்தாலியரான வோல்ட்டா, வெள்ளித் தகட்டையும் துத்தநாகத் தகட்டையும் மாற்றி மாற்றி அடுக்கி, இடையே உப்புநீரில் நனைத்த அட்டைகளை வைத்து, இடையறாது ஓடும் மின்சாரத்தை முதன்முதலில் பெற்றார். ஆனால் அவ்வடுக்கு ஒருமுறை தீர்ந்தால் தீர்ந்ததுதான். தீர்ந்ததை மீண்டும் நிரப்பும் வித்தையை 1859இல் பிரான்சு நாட்டுப் பிளாண்டே கண்டறிந்தார். ஈயத் தகடுகளைக் கந்தகாமிலத்தில் அமிழ்த்தி அவர் செய்த கலமே, உருவில் எவ்வளவோ மாறியும் தத்துவத்தில் மாறாமல், இன்றும் நம் வீட்டு இன்வெர்ட்டருக்கு அடியில் அமர்ந்திருக்கிறது. அது கலத்துக்கு 2 வோல்ட்டு தரும். ஆறு கலங்களைத் தொடுத்தால் 12 வோல்ட்டு.

நம் வட்டாரத்துச் சிற்றூர்களில் வீட்டுக் கருவி ஒன்றுக்குப் பாட்டரி தேவைப்பட்டது முதலில் வானொலிக்குத்தான் எனலாம். மின்கம்பி எட்டாத ஊர்களில் வானொலிப் பெட்டிகள் பாட்டரியால் இயங்கின. ஈயப் பாட்டரியின் ஏற்றம் குறைந்தால் அதை நகரத்துக்குத் தூக்கிச் சென்று மின்னேற்றிக் கொண்டுவர வேண்டும். அப்பாட்டரி வெடிக்குமோ என்று எவரும் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. நாடகம் முடியுமட்டும் தாங்குமா என்பதே கவலை!

அச்சம் பிற்காலத்தில் வந்தது. 2008ஆம் ஆண்டு தொடங்கித் தமிழகத்தில் மின்பற்றாக்குறை முற்றியது. 2012இன் பிற்பகுதியில் மதுரை உள்ளிட்ட மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாக மின்சாரம் நின்ற நாள்கள் உண்டு. பள்ளியில் மாலைச் சிறப்பு வகுப்புகளை மெழுகுவர்த்தி ஒளியில் நடத்தினோம். அந்நாளில்தான் வசதியுள்ள வீடுகளில் எல்லாம் இன்வெர்ட்டரும் பாட்டரியும் குடியேறின. என் வீட்டிலும் 150 ஆம்பியர்-மணி கொண்ட ஈயப் பாட்டரி ஒன்று வந்தது. அதை வைக்க நான் தேர்ந்தெடுத்த இடம் மாடிப்படிக்குக் கீழே, சன்னல் இல்லாத சிற்றறை. பூசைக்குரிய எண்ணெயும் திரியும் அங்கேதான் இருந்தன.

ரசாயனம் கற்பித்தவன் செய்த பிழையைப் பாருங்கள்! ஈயப் பாட்டரி ஏற்றம் நிறையும் தறுவாயில் அதிலுள்ள நீர் சிறிது பிரிந்து ஹைட்ரஜனும் பிராணவாயுவும் வெளிப்படும். காற்றில் நூற்றுக்கு 4 பங்கு ஹைட்ரஜன் கலந்தாலே ஒரு பொறி போதும், தீப்பற்றும். இதனை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதியவன் நான். ஒருநாள் மாலை அவ்வறையிலிருந்து அழுகிய முட்டையின் நாற்றம் வீசியது. அளவுக்கு மீறி மின்னேறிச் சூடான பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு கசிவதன் அறிகுறி அது. என் மனைவி விளக்கேற்றத் தீப்பெட்டியோடு அறைவாசலில் நின்றுகொண்டிருந்தார். அவரை வெளியே அழைத்துவந்து, தெருவிலிருந்த மீட்டர்ப் பெட்டியின் மெயினை இறக்கி, சன்னல்களையெல்லாம் திறந்துவிட்டேன். வேறொன்றும் நேரவில்லை. மறுநாளே பாட்டரி காற்றோட்டமுள்ள பின்தாழ்வாரத்துக்குப் போயிற்று. தவறு ஈயத்தினுடையது அன்று. இடம் அறியாது வைத்த என்னுடையது.

இனி இலித்தியத்தின் கதைக்கு வருவோம். இன்று கைப்பேசியிலும் மடிக்கணினியிலும் இருப்பது இலித்திய அயனிக் கலம். 1980இல் ஆக்ஸ்போர்டில் குட்எனஃப் என்னும் அமெரிக்க அறிஞரும் அவர் குழுவினரும், கோபால்ட்டு ஆக்சைடின் அடுக்குகளுக்கிடையே இலித்தியம் நுழைந்து வெளியேற முடியும் என்று காட்டினர். ஜப்பானில் யோஷினோ அதனைக் கரிமுனையோடு இணைத்தார். 1991இல் சோனி நிறுவனம் அக்கலத்தைக் கடைக்குக் கொண்டுவந்தது. சிறிய உடலில் பெரிய ஆற்றல்! ஆனால் ஒரு குறை. ஏற்றம் மிகுந்தோ உட்சுற்று ஏற்பட்டோ சூடு உயர்ந்தால் கோபால்ட்டு ஆக்சைடு தன் பிராணவாயுவை எளிதில் விட்டுவிடும். கலத்துக்குள் இருக்கும் திரவமோ எரியக்கூடியது. நெருப்புக்கு வேண்டிய விறகும் காற்றும் ஒரே டப்பியில் அடைபட்டிருப்பதுபோல் ஆகிறது. வெளிக்காற்றை அடைத்தாலும் அத்தீ எளிதில் அடங்காது. நம்மூரில் மின்வெட்டு உச்சத்தில் இருந்த அதே 2013 ஜனவரியில், போஸ்டன் விமான நிலையத்தில் நின்றிருந்த போயிங் 787 விமானத்தில் இவ்வகைப் பாட்டரி தீப்பற்றியது. ஜப்பானில் இன்னொரு விமானம் பாட்டரிக் கோளாற்றால் அவசரமாகத் தரையிறங்கியது. அப்போது சேவையிலிருந்த 50 விமானங்களும் நிறுத்திவைக்கப்பட்டன.

இக்குறைக்கு மாற்று எங்கிருந்து வந்தது என்பதில்தான் மதுரைக்கு ஒரு பங்கு உண்டு. தென்தமிழகத்தில் அமராபுரம் என்னும் சிற்றூரில் பிறந்த ஆறுமுகம் மந்திரம் என்பவர், 1974இல் இளநிலைப் பட்டமும் 1976இல் முதுநிலைப் பட்டமும் மதுரைப் பல்கலைக்கழகத்தில் பெற்றார். அப்போது நான் அரைக்கால் சட்டை போட்ட பள்ளி மாணவன். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றபின், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்கே திரும்பி விரிவுரையாளராகச் சில ஆண்டுகள் கற்பித்தார். 1980களின் நடுவில் ஆக்ஸ்போர்டு சென்று குட்எனஃபோடு சேர்ந்து, அவரைத் தொடர்ந்து டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கும் போனார்.

அங்கே அவர்கள் தேடியது பாதுகாப்பை அன்று, மலிவை. கோபால்ட்டு அரியது, விலை மிக்கது. இரும்போ எங்கும் கிடைப்பது. ஆனால் இரும்பு ஆக்சைடு தரும் மின்னழுத்தம் 2.5 வோல்ட்டுக்கும் குறைவு. 1987இலும் 1989இலும் மந்திரமும் குட்எனஃபும் வெளியிட்ட கட்டுரைகள் ஒரு விந்தையைக் காட்டின. தனிப் பிராணவாயுவுக்குப் பதிலாக மாலிப்டேட்டு, டங்ஸ்டேட்டு என்னும் கூட்டணுக்களை வைத்தால் அதே இரும்பு 3 வோல்ட்டு தந்தது. சல்பேட்டை வைத்தால் 3.6 வோல்ட்டு! இவ்வழியே நடந்து, 1997இல் குட்எனஃபின் ஆய்வகத்தில் அக்ஷய பாடி, நஞ்சுண்டசாமி என்னும் இந்தியர் இருவரும் இலித்தியம் இரும்பு பாஸ்பேட்டை வெளிக்கொணர்ந்தனர். பாஸ்பேட்டில் பிராணவாயுவைப் பாஸ்பரஸ் இறுகப் பற்றியிருக்கிறது. சூடேறினும் எளிதில் விடுவதில்லை. மலிவைத் தேடிப் போனவர்கள் பாதுகாப்பையும் கையோடு கொண்டுவந்தார்கள். மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாத குறை ஒன்று அதற்கிருந்தது. துகள்களின் மேல் மெல்லிய கரிப்பூச்சு இட்டு அதனையும் பின்னர்த் தீர்த்தனர்.

2019இல் குட்எனஃப், விட்டிங்காம், யோஷினோ மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. குட்எனஃபுக்கு அப்போது வயது 97. ஸ்டாக்ஹோமில் அவருக்காக நோபல் உரை நிகழ்த்தியவர் மந்திரம். நம் பக்கத்தில் அச்செய்தி போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் எண்ணம். கிழக்கே காரைக்குடியில், அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருப்பதையும் மாணவர் பலர் அறியாதிருக்கின்றனர்.

மூதாட்டிக்கு இவ்வளவும் சொல்லவில்லை. கணக்கை மட்டும் போட்டுக் காட்டினேன். இரண்டு மின்விசிறி 150 வாட்டு, மூன்று விளக்கு 27, இணையப் பெட்டி 10; ஏறக்குறைய 190 வாட்டு. 12 வோல்ட்டு, 150 ஆம்பியர்-மணி ஈயப் பாட்டரியில் 1,800 வாட்டு-மணி உண்டு. ஆயுளைக் கருதிப் பாதியைத்தான் எடுக்கலாம். இன்வெர்ட்டரின் இழப்பும் போக, நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறையும். 12.8 வோல்ட்டு, 100 ஆம்பியர்-மணி பாஸ்பேட்டுப் பாட்டரியில் 1,280 வாட்டு-மணிதான். ஆயின் நூற்றுக்கு 80 பங்கை அச்சமின்றி எடுக்கலாமாதலால் நான்கு மணி நேரம் தாராளமாகத் தாங்கும். மடிக்கணினியையும் சேர்த்தால் இரண்டிலும் கொஞ்சம் குறையும். மின்னேற்றி இறக்கும் முறைகளும் இதற்குச் சில ஆயிரம். ஈயத்துக்கு அவ்வளவு இல்லை.

"வீட்டில் காற்றோட்டமான தாழ்வாரம் உண்டா, அம்மா?" என்று கேட்டேன். உண்டென்றால் ஈயமே போதும். விலையும் குறைவு, பழையதைக் கடைக்காரரே எடுத்துக்கொள்வார். ஆறு மாதமும் வாலைவடிநீர் ஊற்றாமல் மறந்துவிடக்கூடாது, அவ்வளவே. "ஒத்தை ரூம்தான்யா, அவன் படுக்கிறதும் அங்கதான்" என்றார். அதன்பின் எனக்கு ஐயம் இல்லை. படுக்கும் அறையில் அமிலமும் ஹைட்ரஜனும் வேண்டா.

இலித்தியம் என்ற பெயரை மட்டும் கண்டு வாங்கலாகாது என்பதைக் கடைக்காரரிடம் வற்புறுத்தினேன். பெட்டியின் மேல் இரும்பு பாஸ்பேட்டு என்று எழுதியிருக்க வேண்டும். ஒவ்வொரு கலத்தின் ஏற்றத்தையும் சூட்டையும் கண்காணித்துத் தானே துண்டிக்கும் மின்சுற்று உள்ளே இருக்க வேண்டும். இன்வெர்ட்டரில் இலித்தியத்துக்கெனத் தனி அமைப்பு இருக்க வேண்டும். பழைய ஈய இன்வெர்ட்டரோடு பொருத்தினால் ஏற்றம் முறை தவறும். பழைய மடிக்கணினிகளிலிருந்து பிரித்தெடுத்த கலங்களைக் கோத்துப் புதிதுபோல் விற்பாரும் உளர். பாஸ்பேட்டுக் கலத்திலும் எரியும் திரவம் உண்டு. நசுங்கினாலோ நனைந்தாலோ அதுவும் புகையும். கட்டிலுக்கடியிலும் துணிமூட்டைக்கு அருகிலும் வைக்கலாகாது.

கடைக்காரர் பெட்டியைத் திருப்பி, சிறிய எழுத்துகளில் இருந்த இரும்பு பாஸ்பேட்டு என்னும் பெயரை மூதாட்டிக்கு விரல் வைத்துக் காட்டினார். ஈயப் பாட்டரியாயின் இருவர் சேர்ந்து தூக்க வேண்டும். இதனை ஒரு பையன் தனியாகவே ஆட்டோவில் ஏற்றினான். மூதாட்டி சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டு, "இதக் கண்டுபிடிச்ச ஆளுகள்ல ஒருத்தரு நம்ம மதுரையில படிச்சவருன்னீகளே, பேரு என்னய்யா? பேரன் கேப்பான்" என்றார். பெயரைச் சீட்டின் பின்புறம் எழுதிக் கொடுத்தேன்.