சான்றிதழுக்குப் பின் வந்த பாடங்கள்: சென்னை மாகாணச் செவிலியர் கல்வியின் வரலாறு

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871-இல் செவிலியர் பயிற்சி தொடங்கியபோது அதில் முதலில் சேர்ந்தவர்கள், மகப்பேறுப் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் வாங்கியிருந்த மருத்துவச்சிகள். ஒரு தொழிலில் தேறியவர்களே அடுத்த தொழிலுக்கு மாணவியராயினர். இந்தியாவில் முறையான செவிலியர் கல்வியின் தொடக்கங்களில் ஒன்றாக இது பாடநூல்களில் குறிக்கப்படுகிறது. பயிற்சியை நடத்தியவர்கள் இங்கிலாந்திலிருந்து வந்த செவிலியர்.

அந்த மருத்துவச்சிகளை உருவாக்கிய வரலாறு இன்னும் பழையது. சென்னையில் ஏழைப் பெண்களுக்கென ஒரு பிள்ளைப்பேறு மருத்துவமனை 1797-லேயே நன்கொடையால் நடந்தது. இன்று எழும்பூரில் இருக்கும் மகப்பேறு மருத்துவமனை 1844-இல் தோன்றியது. 1854-இல் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சிப் பள்ளி நடத்த அரசு அனுமதி தந்தது. கற்பிக்க நூல் வேண்டுமே என்ற கவலை சிலருக்கு இருந்தது. சென்னையில் பணியாற்றிய மருத்துவர் எட்வர்ட் பால்ஃபர், கான்குவெஸ்ட் எழுதிய மகப்பேறு நூலைத் தாமே இந்துஸ்தானியில் பெயர்த்ததோடு, தமிழ், தெலுங்கு, கன்னடப் பெயர்ப்புகளையும் சொந்தச் செலவில் அச்சிட்டார். யாழ்ப்பாணம் மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் 1857-இல் ஒரு மகப்பேறு நூலைத் தமிழில் வெளியிட்டார். இந்த முயற்சிகள் செவிலியர் கல்வியின் பிற்காலத்தில் தொடரவில்லை. பாடமும் தேர்வும் ஆங்கிலத்துக்கே போயின. தமிழில் மட்டும் படிக்கத் தெரிந்த செவிலிக்கு வேலையில் சேர்ந்த பின் புதிதாக எதையும் படிக்க வழியில்லாமல் போனதற்கு இது பெரிய காரணம்.

மகப்பேறுப் பயிற்சியே மேலும் படிக்கத் தூண்டியதற்கு மேரி ஷார்லீப் நல்ல சான்று. வழக்கறிஞரின் மனைவியாகச் சென்னைக்கு வந்த அவர் மருத்துவச்சி வேலையைக் கற்றார். அது போதவில்லை என்று கண்டு, 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் நான்கு பெண்களில் ஒருவரானார். பெண்களைச் சேர்க்கவேண்டும் என்று அங்கே வாதாடியவர் அதே பால்ஃபர்தான்.

அக்காலப் பயிற்சி வார்டிலேயே நடந்தது. மாணவியே மருத்துவமனையின் வேலைக்காரி. படுக்கை விரிப்பதும் புண் கட்டுவதும் இரவுப் பணியும் போக மிஞ்சிய நேரமே வகுப்பு. லண்டனில் 1860-இல் பள்ளி தொடங்கிய ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல், பயிற்சி முடிந்தால் படிப்பும் முடிந்தது என்ற எண்ணத்தை ஏற்கவில்லை. 1872 முதல் தம் செவிலியருக்கு அவர் எழுதிவந்த கடிதங்களில், முன்னேறாத செவிலி நின்ற இடத்திலும் நிற்பதில்லை, பின்னுக்குப் போகிறாள் என்ற கருத்து தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. அவருடைய வார்டு ஒழுங்கு இந்தியாவுக்கு வந்து சேர்ந்த வேகத்தில் இந்தக் கருத்து வரவில்லை.

சட்டம் வந்தபோதும் பயிற்சிக்குப் பிந்திய படிப்பின் நிலை பெரிதாக மாறவில்லை. சென்னைச் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் 1926-இல் நிறைவேறியது. பயிற்சி பெற்றவருக்கும் பெறாதவருக்கும் இடையே முதன்முறையாக ஒரு கோடு விழுந்தது. தொழிலின் மதிப்புக்கு இதைவிடப் பெரிய காரியம் அப்போது வேறில்லை. ஆனால் பதிவேட்டில் பெயர் ஏறிய பின் ஒருவர் என்ன படித்தார் என்று கேட்கும் ஏற்பாடு நெடுங்காலம் வரவில்லை. அந்த இடைவெளியைச் செவிலியர் தாங்களே ஓரளவு நிரப்பினர். 1908-இல் உருவான இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் 1910 முதல் ஓர் இதழை நடத்தியது. ஊர்ப்புற மருத்துவமனையில் தனியாக இருந்தவருக்குப் புதுச் செய்தி அதன் வழியாகவே போனது.

வேலூரில் மருத்துவர் ஐடா ஸ்கட்டர் 1909-இல் செவிலியர் பள்ளி தொடங்கினார். 1946-இல் டெல்லியிலும் வேலூரிலும் நான்காண்டுப் பட்டப்படிப்பு வந்தது. அதே ஆண்டு வெளியான, நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) குழுவின் அறிக்கை, இந்தியாவில் 43,000 பேருக்கு ஒரு செவிலியர்தான் இருக்கிறார் என்று கணக்குக் காட்டியது. எண்ணிக்கையைப் பெருக்குவதே அவசரமாயிற்று. இருப்பவரை மேலும் படிக்கவைப்பது பின்னுக்குப் போனது. அன்றைய நிலையில் அதைக் குறைசொல்ல முடியாது.

ஆனால் மருத்துவம் காத்திருக்கவில்லை. காசநோயின் கதை இதைத் தெளிவாகக் காட்டும். 1950-கள் வரை காசநோய்க்குச் செவிலியர் கற்றிருந்த பாடம், சானடோரியப் படுக்கை, முழு ஓய்வு, திறந்த காற்று, சத்தான உணவு ஆகியவைதாம். 1928-இல் தொடங்கிய தாம்பரம் சானடோரியம் இந்தப் பாடத்தின் மேல் எழுந்தது. 1956-இல் சென்னைச் சேத்துப்பட்டில் அமைந்த காசநோய் ஆய்வு மையம் ஒரு நேர்க் கேள்வி கேட்டது: மருந்து சரியாகக் கொடுத்தால், நெருக்கடியான வீட்டில், அரைவயிற்று உணவோடு இருக்கும் ஏழை நோயாளி தேறுவாரா? ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மறுபகுதியினரை வீட்டிலும் வைத்து, ஓராண்டு ஒரே மருந்துகள் கொடுத்துப் பார்த்தார்கள். 1959-இல் முடிவு வெளியானது. இரு பகுதியினரும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறியிருந்தனர். வீட்டில் இருந்த நோயாளியால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை.

இந்த முடிவு சானடோரியக் காலத்தை உலகெங்கும் முடிவுக்குக் கொண்டுவந்தது என்பது பலரும் அறிந்தது. செவிலியரின் வேலையை அது தலைகீழாக்கியது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நோயாளியைப் படுக்கையில் வைத்துப் பார்த்தவர் இப்போது சந்து சந்தாக நடந்து வீடு தேட வேண்டியிருந்தது. முன்னறிவிப்பின்றிப் போய் மாத்திரையை எண்ண வேண்டும். மருந்து உள்ளே போயிற்றா என்று பார்க்கச் சிறுநீர் வாங்கிவர வேண்டும். உடம்பு தேறிவிட்டதே, இனி மாத்திரை எதற்கு என்று கேட்பவரிடம் பேசிப் புரியவைக்க வேண்டும். இவற்றில் ஒன்றும் பழைய பாடத்திட்டத்தில் இல்லை. வேலை செய்துகொண்டே கற்றார்கள்.

பிறகு அதே தாம்பரத்துக்கு இன்னொரு பாடம் வந்தது. இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளை 1986-இல் மருத்துவர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் சென்னையில் கண்டறிந்தனர். 1990-களில் தாம்பரம் அந்நோயாளிகளுக்கான முக்கிய மருத்துவமனையாக மாறியது. ஊசி முனையைக் கையாளும் விதம் முதல் நோயாளியின் ரகசியம் காப்பது வரை பணியில் இருந்த செவிலியர் புதிதாகப் பழகினர். எல்லா நோயாளியின் ரத்தத்தையும் தொற்றுள்ளதாகவே கருதிக் கையுறை போடும் வழக்கம் அப்போதுதான் பரவியது.

ஐடா ஸ்கட்டரின் வேலூர் மருத்துவமனையில் மாற்றம் வேறு வடிவில் வந்தது. 1949-இல் நரம்பியல் பிரிவு, 1971-இல் சிறுநீரக மாற்று அறுவை என்று மருத்துவம் கிளைபிரிந்தபோது ஒவ்வொரு கிளைக்கும் தனித்திறன் பெற்ற செவிலியர் தேவைப்பட்டனர். இத்தகைய துறைகளுக்கான ஓராண்டுப் பட்டயப் படிப்புகள் பின்னர் உருவாயின. அடிப்படைச் செவிலியர் பட்டயம் மட்டும் முடித்து வேலையில் இருந்தவர் பட்டம் பெற 1963-இல் திருவனந்தபுரத்தில் ஈராண்டுப் படிப்பு வந்தது. வேலையையும் வீட்டையும் விட்டு இரண்டாண்டு போய்ப் படிக்க எத்தனை பெண்களால் முடியும்? 1994-இல் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இதே பட்டத்தைத் தொலைநிலையில் கொண்டுவந்த பிறகே குடும்பம் நடத்தும் செவிலியருக்கு அது எட்டும் தொலைவில் வந்தது.

கிராமத்துச் செவிலியரின் கதையில் மாற்றம் மேலிருந்து உத்தரவாக இறங்கியது. 1973-இல் கர்த்தார் சிங் குழு, துணைச் செவிலியரைப் பல்நோக்குச் சுகாதாரப் பணியாளராக்கப் பரிந்துரைத்தது. பிரசவம் பார்க்கக் கற்றவர் தடுப்பூசியும் குடும்ப நலமும் தொற்றுநோய்க் கண்காணிப்பும் சேர்த்துச் சுமந்தார். தமிழ்நாட்டில் இவரே கிராம சுகாதாரச் செவிலியர். 2000-களில் இன்னொரு மாற்றம். பேறுகால ரத்தப்போக்கை நிறுத்தும் ஆக்ஸிடோசின், வலிப்பைத் தடுக்கும் மெக்னீசியம் சல்பேட் ஆகியவற்றை, மருத்துவர் வரும்வரை காத்திராமல் இவரே கொடுக்கலாம் என்று மத்திய அரசு வழிகாட்டியது. அதற்கெனச் சில வாரப் பணியிடைப் பயிற்சியும் ஏற்பட்டது. பணியிடைப் பயிற்சிகளில் உயிர்காப்பது நேராகத் தெரியும் பயிற்சி இதுவே.

இவ்வளவுக்கும் பிறகுதான் தொடர்கல்வி விதியாயிற்று. ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க 150 மணிநேரத் தொடர்கல்வி வேண்டும் என்று இந்திய நர்சிங் கவுன்சில் வரையறுத்தது. ஆண்டுக்குச் சராசரி 30 மணிநேரம். நோக்கம் சரியானது. ஆனால் மணிநேரத்தை எண்ணுவது எளிது, வார்டில் கை மாறியதா என்று பார்ப்பது கடினம். கருத்தரங்கில் உட்கார்ந்து சான்றிதழ் வாங்குவதும் அந்த 150-இல்தான் சேரும். ஆள் பற்றாத வார்டில் ஒருவரைப் பயிற்சிக்கு அனுப்பினால் அவர் வேலையை மற்றவர் சுமக்க வேண்டும். அதனால் விடுமுறை நாளே பலருக்கும் வகுப்பு நாளாகிறது. 1947-ஆம் ஆண்டின் நர்சிங் கவுன்சில் சட்டத்துக்கு மாற்றாக 2023-இல் தேசியச் செவிலியர், மருத்துவச்சியர் ஆணையச் சட்டம் நிறைவேறியது. சட்டம் மாறினாலும், தொடர்கல்விக்கு ஆகும் நேரத்தைப் பணிநேரமாகக் கணக்கிட்டால்தான் அந்த மணிநேர விதி பயன்தரும்.