'இந்தப் பிள்ளை தாங்குமா?': வளரிளம் பருவத்தினரின் மீள்திறனை கேள்வித்தாளால் அளக்க முடியுமா?

ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு மாணவிகள். இருவர் வீட்டிலும் அப்பாவுக்கு வேலை போய்விடுகிறது. ஒருவர் கொஞ்ச நாளில் தேறி வந்துவிடுகிறார். இன்னொருவர் பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிடுகிறார். ஏன் இந்த வித்தியாசம்? அடி விழுந்த பிறகு மீண்டு எழும் தன்மையை உளவியலில் 'மீள்திறன்' என்கிறார்கள். அதை மார்க் போட்டு அளக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

ஹவாய் தீவுகளில் ஒன்றான காவாயில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை, எம்மி வெர்னர் என்ற உளவியலாளரின் குழு பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தது. வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் மனநோய் என பல சிக்கல்கள் ஒன்றுசேர்ந்த சூழலில் வளர்ந்த பிள்ளைகளில் மூன்றில் ஒருவர் நல்லபடியாகவே தலையெடுத்தனர். அக்கறையோடு பார்த்துக்கொள்ள ஒரு பெரியவராவது இருந்தது இதற்கு முக்கியக் காரணமாகத் தெரியவந்தது.

ஆனால் எல்லா ஊரிலும் அத்தனை வருஷம் காத்திருக்க முடியாதே! அதனால்தான் கேள்வித்தாள்கள் வந்தன.

கேள்வித்தாளில் என்ன இருக்கும்?

2003-ல் வெளியான கானர்-டேவிட்சன் அளவுகோலில் 25 வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 100. பெரியவர்களுக்காக உருவான இது, பிறகு டீன் ஏஜ் பிள்ளைகளிடமும் பயன்பட்டது. இதன் கவனம் பெரும்பாலும் தனிமனிதரின் மனவலிமை மீதுதான்.

இதிலிருந்து விலகி நடந்தவர் கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் உங்கர். மீள்திறன் பிள்ளையின் மனசுக்குள் மட்டும் இல்லை, சுற்றியிருக்கும் வீடு, பள்ளி, ஊர், பண்பாடு எல்லாவற்றிலும் இருக்கிறது என்பது அவர் வாதம். அவரது குழு இந்தியா உள்பட 11 நாடுகளின் இளைஞர்களிடம் சோதித்து ஒரு கேள்வித்தாளை உருவாக்கியது. முதலில் 58 கேள்விகள், பிறகு 28. இப்போதைய திருத்திய வடிவில் 17 மட்டுமே. அதில் 10 பிள்ளையைப் பற்றியது, 7 வளர்ப்பவர்களோடு உள்ள உறவைப் பற்றியது. உள்ளூர் மக்களிடம் பேசி, அந்த ஊருக்கேற்ற சில கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளவும் இதில் இடம் உண்டு. 'சாப்பாடு இருக்கா, மனசு விட்டுப் பேச வீட்ல ஆள் இருக்கா' என்ற ரீதியில் கேட்பதும், 'நீ ஸ்ட்ராங்கா?' என்று கேட்பதும் ஒன்றல்ல.

சிக்கல் எங்கே?

பெரிய கஷ்டம் எதையும் பார்க்காத பிள்ளை எல்லாவற்றுக்கும் 'ஆமா' என்று டிக் அடித்து முழு மார்க் வாங்கலாம். அது மீள்திறனா, வசதியான வாழ்க்கையா? மதிப்பெண் மட்டும் அதைச் சொல்லாது. அதோடு, டீச்சர் பக்கத்தில் நின்றால் 'நல்ல பதில்' எழுதத்தான் பிள்ளைகளுக்குத் தோன்றும். மொழிபெயர்ப்பு இன்னொரு தலைவலி. ஆங்கில வாக்கியத்தை வார்த்தைக்கு வார்த்தை மாற்றினால், எட்டாம் வகுப்பு மாணவருக்கு கேள்வியே புரியாமல் போகலாம். எனவேதான் மொழிபெயர்த்ததை மறுபடி மூலமொழிக்கு மாற்றிப் பார்ப்பதும், அதே பிள்ளைகளிடம் சில வாரம் கழித்துத் திரும்பக் கேட்பதும் வழக்கம்.

2011-ல் வெளியான ஒரு மதிப்பாய்வு 19 மீள்திறன் அளவுகோல்களை அலசியது. 'இதுதான் உரைகல்' என்று அதனால் எதையுமே கைகாட்ட முடியவில்லை.

இந்தக் கேள்வித்தாள்கள் நோயைக் கண்டறியும் சோதனை அல்ல. ஒரு பள்ளியில் நடத்திய பயிற்சிக்கு முன்பும் பின்பும் மாணவர்களிடம் மாற்றம் இருக்கிறதா என்று ஒட்டுமொத்தமாகப் பார்க்க இவை உதவும். குறைந்த மார்க் வாங்கிய ஒரு மாணவரை 'பலவீனமானவன்' என்று முத்திரை குத்த அல்ல. சொல்லப்போனால், உங்கரின் கோணத்தில் பார்த்தால் குறைந்த மதிப்பெண் வந்தால் முதலில் விசாரிக்க வேண்டியது வீட்டையும் பள்ளியையும்தான்.

பிள்ளைகளின் மனநிலை குறித்து கவலை இருந்தால், மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ எந்த நேரத்திலும் இலவசமாக அழைக்கலாம். தமிழிலும் பேசலாம்.