ஒன்பது எழுத்துக்கு ஓர் உரை

சீ எல் 0 ஐ 2 ஓ 3 5 ரீ

மூலம் இவ்வளவுதான். எழுத்தும் எண்ணுமாக ஒன்பது. 3க்கும் 5க்கும் நடுவே மட்டுமே மெய்யான இடைவெளி. எந்தக் கமராவின் படம், எந்த மைக்கின் சத்தம், எந்தத் திரைக்கும் எந்த ஒலிபெருக்கிக்கும் போகவேண்டும் என்று மாற்றிக்கொடுக்கும் பெட்டிக்கு இடும் கட்டளை இது. அமெரிக்காவின் ஓட்டோபட்ச் நிறுவனம் தன் மொடுலா, ஒப்ரிமா வகைப் பெட்டிகளுக்கு வகுத்த மொழி. பிறகு அந்த நிறுவனத்தை ஏ.எம்.எக்ஸ் வாங்கியது, 2014இல் ஏ.எம்.எக்ஸை ஹார்மன் வாங்கியது; 2017இல் ஹார்மனையே சாம்சங் வாங்கியது. ஆள் மாறினாலும் மொழி மாறவில்லை. விசைகளை நாமே வகுக்கக்கூடிய முகப்பலகை என்றால், இந்த வரியை ஒரு விசைக்குள் எழுதிவைத்துவிடலாம். நிகழ்ச்சி நேரத்தில் ஒற்றை விரல் போதும்.

புன்னாலைக்கட்டுவன் கணேசையர் தொல்காப்பியத்துக்கு உரைவிளக்கக் குறிப்பு எழுதிய மண்ணில் இதற்குமா உரை என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். கலியாண மண்டபத்தில் வயர்களுக்குள் குந்தியிருக்கும் பெடியளுக்கு இதுவும் இலக்கணந்தான்.

சீ – மாற்று என்னும் ஏவல். இந்த இடத்தில் டீ வந்தால் தொடுப்பை அறு என்றும், எஸ் வந்தால் இப்போதைய நிலையைச் சொல் என்றும் பொருள்படும். வேறு சிக்கல் இதில் இல்லை.

எல் 0 – சிக்கல் முழுக்க இங்கேதான். எல் என்பது தளம். பெரும்பாலும் 1 என்றால் படம் மட்டும், 2 என்றால் ஒலி மட்டும், 0 என்றால் இரண்டும் சேர்த்து. 0 போட்டால் எல்லாம் ஒரே அடியில் முடியும் என்று நினைப்போம். நானும் நினைத்தேன். வலிகாமத்தில் ஒரு மண்டபத்தில் அரங்கேற்றம். நட்டுவாங்கம், பாட்டு, மிருதங்கம் எல்லாம் மிக்சர் வழியாக வருகின்றன. வர்ணம் நடக்கும்போது கிட்டக் கமராவுக்குப் போவோம் என்று விசையை அமத்தினேன். படம் வந்தது, கூடவே அந்தக் கமராவின் சொந்த மைக்கும் வந்தது. அடுத்த நிமிடம் ரொறன்ரோவில் நேரலை பார்த்துக்கொண்டிருந்த பிள்ளையின் சித்தப்பா வட்ஸ்அப்பில்: “தம்பி, பாட்டைக் காணேல்லை, ஆரோ குழந்தை அழுற சத்தந்தான் கேக்குது.” ஆகவே உரைகாரன் இங்கே ஒரு பாடபேதம் கொள்கிறான்: ‘எல் 1’ என்பதே பாடம். மூலத்தில் 0 என்றிருப்பது எழுதியவன் பிழை. அந்த எழுதியவனும் நான்தான்.

ஐ 2 – உள்வரும் வழி இரண்டு. பெட்டிக்கு இரண்டு என்றால் அதன் முதுகில் உள்ள இரண்டாம் துளை. கிட்டக் கமரா என்பதெல்லாம் நமக்குத்தான். இவை தொகுதி தொகுதியாகப் பூட்டும் பெட்டிகள்: வெறும் கூட்டுக்குள் உள்வரும் அட்டைகள், வெளிச்செல்லும் அட்டைகள் என்று தேவைக்கு ஏற்றாற்போல் செருகுவார்கள். எண் அட்டையோடு ஒட்டியதல்ல, அது செருகியிருக்கும் இடத்தோடு ஒட்டியது. பழுதுபார்க்கக் கழற்றிய அட்டையைத் திருப்பி வேறு இடத்தில் செருகினால் விசை பழைய எண்ணையே கூப்பிடும். திரை கறுப்பாக நிற்கும். கழற்றமுன் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கோ.

ஓ 3 5 – வெளிச்செல்லும் வழிகள் மூன்றும் ஐந்தும். மண்டபத்தின் பக்கத்திரையும் நேரலைக் கணினியும். கோப்பாய்ப் பக்கம் தோட்டம் செய்பவர்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டாம். ஒரு கிணற்றுத் தண்ணீரைப் பத்துப் பாத்திக்கும் விடலாம். இங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு: ஒரு பாத்திக்கு ஒரு நேரத்தில் ஒரு கிணறுதான். மூன்றாம் வழிக்குப் புதிதாக ஒன்றைத் தொடுத்தால் பழையது தானாகவே விலகிவிடும், அறுக்கச் சொல்லத் தேவையில்லை. 3க்கும் 5க்கும் இடையில் வெளி இல்லாவிட்டால் பெட்டி அதை முப்பத்தைந்து என்று வாசிக்கும்.

ரீ – ‘எடு’, அதாவது செய்து முடி. இந்த வரியின் வினைமுற்று. இது வரும்வரை முன்னால் சொன்ன எதுவும் நடந்ததாகாது. குளகச் செய்யுளில் பல பாட்டுகள் ஒரு வினைக்காகக் காத்துக்கிடப்பதுபோல, சீயும் எல்லும் ஐயும் ஓவும் காத்துக்கிடக்கும். விசை வகுப்பவன் முதலில் தீர்மானிக்கவேண்டியது, ரீயை விசைக்குள்ளேயே எழுதுவதா, அதற்கென்று ஒரு தனி விசை விடுவதா என்பது. எல்லா விசைக்குள்ளும் எழுதுவதே விரைவு என்பார்கள். எனக்கு உடன்பாடில்லை. தவறி முழங்கை பட்டாலும் அது ‘முற்று’ ஆகிவிடும். திரையை இருட்டாக்கும் விசைக்குள் மட்டும் ரீயை எழுதுகிறேன், அது அவசரத்துக்கு உரியது. மற்றவற்றை ஓவோடு நிறுத்திவிட்டு, ‘எடு’ விசையைச் சற்றுத் தள்ளி வைக்கிறேன். இரண்டு விரல் வேலைதான். ஆனால் முதல் விரலுக்கும் இரண்டாம் விரலுக்கும் இடையே, அமத்தினது சரியா என்று பார்க்க ஒரு மூச்சு நேரம் கிடைக்கும்.

கணினியிலிருந்து அனுப்பும்போது பெட்டி ஒவ்வோர் எழுத்தையும் திருப்பிச் சொல்லும். கட்டளை செல்லாவிட்டால் எக்ஸ் என்று சொல்லும். காரணம் சொல்லாது, சீயிலிருந்து திரும்ப வாசிக்கவேண்டியதுதான்.