எந்தக் கரை நம்மை இருக்க விட்டது?

வீராணம் ஏரித் தண்ணீர் சேத்தியாத்தோப்பிலிருந்து குழாயில் ஏறிச் சென்னைக்குப் போகிறது. 2004இல் தொடங்கிய புதிய வீராணம் திட்டம் அது. நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர், சுமார் 235 கிலோமீட்டர் தூரம். தண்ணீர் போகிற திசையில்தான் நம் சேரிப் பிள்ளைகளும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிறார்கள். ஐடிஐ முடித்தவர், நர்ஸிங் முடித்தவர், கட்டட வேலைக்குப் போகிறவர் என எல்லோரிடமும் ஒரு கணக்கு இருக்கிறது. சென்னையா, கொச்சியா, மும்பையா, சிங்கப்பூரா? எங்கே சம்பளம் அதிகம், எங்கே வாடகை குறைவு, எங்கே சொந்தக்காரர் இருக்கிறார், ஏஜென்டுக்கு எவ்வளவு கட்ட வேண்டும்?

இந்தக் கணக்கு நம் தெருவுக்குப் புதிதல்ல. தென்னாற்காட்டிலும் தஞ்சையிலும் நம் முன்னோர் 150 ஆண்டுகளுக்கு மேலாக இதைப் போட்டிருக்கிறார்கள். அன்றைய பட்டியலில் டர்பன், ரங்கூன், கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர், பம்பாய், சென்னை என்று இருந்தது. எல்லாமே துறைமுகங்கள். வாழத் தகுந்த நகரங்கள் என்று வருடா வருடம் தரவரிசை வெளியிடுகிறார்களே, அதில் மருத்துவமனை, பூங்கா, போக்குவரத்து எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. நம் ஆட்களின் வரலாற்றை வைத்துப் பார்த்தால் அதில் ஒரு கேள்வி விடுபட்டிருக்கிறது. ஒரு நகரம் உழைக்க உள்ளே விடுவது ஒன்று, குடியிருக்க விடுவது வேறு. நம்மை இருக்க விட்ட நகரம் எது?

அதற்கு முன்னால் கிளம்பிய ஊரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். "சொந்த மண்ணைப் பிரிந்து கடல் கடந்தார்கள்" என்று கூலித் தமிழர் வரலாற்றை எழுதுகிறவர்கள் கண்ணீரோடு எழுதுகிறார்கள். எந்தச் சொந்த மண்? 1843இன் ஐந்தாவது சட்டம் அடிமை முறையை இனி நீதிமன்றம் ஏற்காது என்றது. ஆனால் பண்ணையாள் குடிசை போட்டிருந்த மண் மிராசுதாருடையது. செங்கல்பட்டு கலெக்டர் டிரெமன்ஹீர் 1891இல் பறையர் நிலை குறித்து எழுதிய அறிக்கையில் இதைத்தான் விரிவாகக் காட்டினார். எதிர்த்துப் பேசினால் வேலை மட்டுமல்ல, தலைக்கு மேலிருக்கும் கூரையும் போகும். அவர் அறிக்கையைத் தொடர்ந்துதான் 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. குடியிருக்கும் மனை விவசாயக் கூலிக்கே உரியது என்று தமிழ்நாட்டில் சட்டம் சொன்னது 1971இல், குடியிருப்பு உரிமை வழங்கும் சட்டத்தின் மூலம். டர்பனுக்கு முதல் கப்பல் போய் 111 வருடம் கழித்து. ஆகவே கப்பல் ஏறியவர் எதையும் விட்டுவிட்டுப் போகவில்லை. ஆள் போய்விட்டால் நடவுக்கு யார் என்று அழுதவர்கள் மிராசுதார்கள்தான்.

அந்த முதல் கப்பலின் பெயர் ட்ரூரோ. சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தில் நின்றது. நேட்டாலுக்குப் போனவர்களின் பதிவேடுகள் இன்றும் இருக்கின்றன. பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, கிராமம் ஆகியவற்றோடு சாதிக்கும் ஒரு கட்டம். வெள்ளைக்காரன் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் எடுக்கும்போதும் சாதியை எழுதித்தான் எடுத்தான். ஆனாலும் அந்தக் கப்பலில் சாதிக்கொரு பானை வைக்க இடமில்லை. ஒரே தளத்தில் படுத்து, ஒரே உலையில் வெந்த சோற்றைத் தின்று போய்ச் சேர்ந்தார்கள். அதுவே சிலருக்குப் பெரிய விடுதலையாக இருந்திருக்கும்.

ஒப்பந்தம் ஐந்து வருடம். முதல் வருடக் கூலி மாதம் 10 ஷில்லிங். ஒப்பந்தம் முடிந்து அங்கேயே காய்கறி பயிரிட்டு, கடை வைத்து வாழத் தொடங்கியதும் நேட்டால் வெள்ளையருக்குப் பொறுக்கவில்லை. 1895இல் ஒரு சட்டம் போட்டார்கள். மறுபடி ஒப்பந்தத்தில் சேராமலும் ஊர் திரும்பாமலும் தங்குகிறவர் ஆண்டுக்கு 3 பவுண்டு வரி கட்ட வேண்டும். 3 பவுண்டு என்றால் 60 ஷில்லிங், அதாவது ஆறு மாதக் கூலி. பின்னர் 16 வயது தாண்டிய பையனுக்கும் 13 வயது தாண்டிய பெண்ணுக்கும் அந்த வரி வந்தது. கூலியாக இருக்க வரி கிடையாது, குடியாக இருக்கத்தான் வரி. 1913 போராட்டத்துக்குப் பிறகு 1914இல்தான் அது நீங்கியது.

இரட்டைமலை சீனிவாசனும் 1900களில் தென்னாப்பிரிக்கா போய் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பல ஆண்டுகள் இருந்தார். 1893இல் சென்னையில் 'பறையன்' இதழைத் தொடங்கியவர் அவர். அயோத்திதாசரின் 'தமிழன்' ரங்கூன், தென்னாப்பிரிக்கா வரை வாசகர்களைப் பெற்றிருந்தது. நம் அறிவுலகம் சேரிக்குள் முடங்கியிருந்தது என்று நினைப்பவர்கள் இந்தக் கடல் வழிகளைப் பார்க்க வேண்டும்.

டர்பனில் வீடு கட்டித் தலைமுறை கண்டவர்களையும் நகரம் விடவில்லை. 1950இன் குழுப் பகுதிகள் சட்டத்தின்படி எந்த இனம் எந்தத் தெருவில் இருக்கலாம் என்று அரசே கோடு போட்டது. கேட்டோ மேனரில் இருந்த இந்தியர்களைப் பெயர்த்து 1960களில் சாட்ஸ்வொர்த்தில் கொண்டுபோய் வைத்தார்கள். ஊரும் சேரியும் பிரிந்த இடத்திலிருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, அங்கே இந்தியர் எல்லோருக்குமாகச் சேர்த்து ஒரு சேரி. இதில் சாதி இந்துவும் சேர்ந்து அகப்பட்டான் என்பது வரலாற்றின் வேடிக்கை.

ரங்கூனுக்குப் போவது எளிது. கப்பல் கட்டணத்தை மேஸ்திரி முன்பணமாகக் கொடுப்பார், அது கடனாகக் கழுத்தில் ஏறும். அரிசி ஆலை, துறைமுகம், மாநகராட்சித் துப்புரவு என வேலைக்குப் பஞ்சமில்லை. 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் மக்களில் பாதிக்கும் மேல் இந்தியர்கள். ஆனால் கூலிகள் ஓர் அறைக்குப் பலர் என்று முறை வைத்துப் படுத்தார்கள். நகரம் அவர்கள் தோளில் நின்றது, அவர்களுக்கு அங்கே ஒரு சுவர் இல்லை. 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான் குண்டு போட்டபோது இது வெளிச்சமாயிற்று. கப்பலில் இடம் காசு உள்ளவனுக்கு. மற்றவர்கள் அரக்கான் மலை வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தார்கள். சுமார் ஐந்து லட்சம் பேர் வெளியேறினார்கள், பல்லாயிரக்கணக்கானோர் வழியில் செத்தார்கள். தப்பி ஓடும் பாதையில்கூட வெள்ளையருக்கு ஒரு வழி, கறுப்பருக்கு ஒரு வழி என்று ஒதுக்கினார்கள். மிஞ்சியிருந்தவர்களையும் 1960களின் தேசியமயம் துரத்தியது.

கொழும்பைச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் அங்கே நடந்தது நமக்குத் தெரிந்ததுதான். 1948இல் குடியுரிமை பறிப்பு, 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. பங்கு பிரித்தபோது அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. அவர்களில் பெரும்பகுதி நம் ஆட்கள்.

தென்னாற்காட்டிலிருந்து மலேயாவுக்குத்தான் நிறையப் பேர் போனார்கள். நாகப்பட்டினத்தில் ஏறி பினாங்கில், சிங்கப்பூரில் இறங்குவார்கள். 1926 முதல் 1973 வரை அந்த வழியில் ஓடிய 'ரஜூலா' கப்பலைப் பெயர் சொல்லி நினைவுகூரும் முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கங்காணி தன் ஊர், தன் சாதி பார்த்து ஆள் சேர்த்ததால் ரப்பர் தோட்டத்து லயங்களிலும் பறை வரிசை தனியாக இருந்தது. ஆனால் அங்கே நிலம் மிராசுதாருடையதல்ல, கூலி ரொக்கம், பள்ளிக்கூடம் இருந்தது. சிங்கப்பூர் 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கி, குடிமக்களில் பெரும்பாலோரை அரசு கட்டிய அடுக்குமாடிகளில் சொந்த வீட்டுக்காரர்களாக்கியது. 1989இலிருந்து எந்தக் கட்டடத்திலும் ஒரே இனம் குவியாதபடி விகிதமும் வைத்தது. அந்த விகிதத்தைக் குறை சொல்பவர்கள் உண்டு. ஆனால் அண்டை வீட்டுக்காரன் யார் என்று முடிவு செய்யும் அதிகாரத்தைச் சமூகத்திடம் விடக்கூடாது என்பதை ஓர் அரசு புரிந்துகொண்டது.

இதெல்லாம் குடிமக்களுக்கு. இன்று இங்கிருந்து ஒர்க் பெர்மிட்டில் போகிற பிள்ளை குடும்பத்தை அழைத்துப்போக முடியாது. அங்கே எத்தனை வருடம் உழைத்தாலும் அந்தப் பெர்மிட் குடியுரிமைக்கு வழியாகாது. 2020இல் கொரோனா வந்தபோது அவர்கள் தங்கும் விடுதிகளைப் பூட்டி மாதக்கணக்கில் உள்ளேயே வைத்தார்கள். நகரம் திறந்த பிறகும் அவர்களுக்குத் திறக்கவில்லை.

பம்பாயைத் திருநெல்வேலிக்காரர்கள் கட்டினார்கள். தாராவியின் தோல் பதனிடும் தொழிலில் அவர்கள் கை உண்டு. 1966இல் தோன்றிய சிவசேனை முதலில் குறிவைத்தது தென்னிந்தியர்களைத்தான். இப்போது அதே தாராவியில் மறுசீரமைப்பு நடக்கிறது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருந்ததற்கு ஆவணம் காட்டினால் அங்கேயே வீடு, இல்லாதவருக்கு நகரின் வேறு மூலையில். மறுபடி அதே கேள்வி. எவ்வளவு உழைத்தாய் என்பதல்ல, இருந்ததற்குச் சீட்டு வைத்திருக்கிறாயா?

சென்னை நமக்குப் பக்கம், மொழி பிரச்சினை இல்லை, நாலு பேர் தெரியும். அதனால்தான் சென்னையைக் கணக்கில் போடாமலே தேர்ந்தெடுத்துவிடுகிறோம். அதன் வரலாற்றை விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1921இல் பக்கிங்காம், கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டபோது, பட்டினி தாங்காத ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் அவர்கள் குடிசைகள் எரிந்தன. பாதிக்கப்பட்டவர்களுக்குப் பாதுகாப்புக் கேட்டிருக்க வேண்டிய நேரத்தில், அவர்களை நகருக்கு வெளியே கொண்டுபோக வேண்டும் என்ற யோசனை நீதிக்கட்சித் தலைமையிடமிருந்து வந்தது. எம்.சி. ராஜா 1923இல் அந்தக் கட்சியைவிட்டு விலகியதற்கு இதுவும் காரணம். நகருக்கு வெளியே என்ற அந்தச் சொல்லைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கிராமத்தில் 'சேரி' என்றால் நம் தெரு. சென்னையில் 'சேரி' என்றால் ஏழைகள் வாழும் குடிசைப் பகுதி. பொருள் மாறியது, ஆள் மாறவில்லை. 1970இல் குடிசை மாற்று வாரியம் வந்தது. இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டித் தருவதுதான் அதன் தொடக்க கால நோக்கம், பல இடங்களில் செய்தும் காட்டியது. பட்டினப்பாக்கம் போன்ற இடங்களில் கடற்கரை ஓரமாகவே கட்டினார்கள். 2000க்குப் பிறகு கதை மாறியது. துரைப்பாக்கம் கண்ணகி நகரில் 15,000க்கும் மேற்பட்ட வீடுகள், பிறகு செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம். கூவக்கரை, அடையாற்றங்கரை மக்களை லாரியில் ஏற்றி அங்கே இறக்கினார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு இது வேகமெடுத்தது. மயிலாப்பூரில் வீட்டு வேலை செய்தவருக்கு வேலை போனது, பிள்ளைக்குப் பள்ளி போனது, முகவரியைக் கேட்டாலே போலீஸ் சந்தேகிக்கும் பெயரும் சேர்ந்தது. 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடிக்க வந்தபோது ஒரு முதியவர் தீக்குளித்து இறந்தார். வாரியத்தின் பெயர் அதற்கு முந்தைய ஆண்டே நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியிருந்தது.

கொஞ்சம் சம்பளம் வாங்குகிற நம் பிள்ளைகளுக்குச் சென்னை வேறு விதமாகக் கதவைச் சாத்துகிறது. "நீங்க என்ன ஆளுங்க?" என்று நேராகக் கேட்பவர் குறைவு. "நாங்க வெஜிடேரியன்ஸுக்குத்தான் விடுறது" என்றால் முடிந்தது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்று 2017இன் வாடகைச் சட்டம் சொல்கிறது. சாதி கேட்டு வீடு மறுக்கக்கூடாது என்று அது சொல்லவில்லை. அரசியல் சட்டத்தின் 15(2) கடை, ஓட்டல், கிணறு, குளம் வரை வருகிறது, வாடகை வீட்டு வாசலுக்கு வரவில்லை. ஒரே சமூகத்தாரை மட்டும் உறுப்பினராகச் சேர்க்கும் வீட்டுவசதிச் சங்கம் செல்லும் என்று பார்சி சங்கம் ஒன்றின் வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அமெரிக்காவில் கறுப்பருக்கு வீடு மறுப்பதை 1968இலேயே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். இங்கே அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்ற கோரிக்கையே வலுப்பெறவில்லை.

சாதி கேட்காமல் சென்னையில் நம் ஆட்களுக்குக் கிடைத்த கூரை பெரும்பாலும் ரயில்வே, துறைமுகம், மாநகராட்சி, தலைமைச் செயலகம் என்று வேலையோடு வந்த குவார்ட்டர்ஸ்தான். அங்கே வீடு கொடுத்தது ஆணை, வீட்டுக்காரரின் மனசு அல்ல. அந்த வேலைக்குப் போக முடிந்ததற்குக் காரணம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆரணி அருகிலிருந்து வந்த சுவாமி சகஜானந்தா சிதம்பரத்தில் தங்கி 1916இல் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். எல்லோரும் கரையைத் தேடி ஓடிய காலத்தில், நந்தனை வாசலிலேயே நிறுத்தியதாகச் சொல்லப்படும் ஊரில் நிலம் வாங்கிப் பள்ளியும் விடுதியும் எழுப்பினார். காட்டுமன்னார்கோயிலின் இளையபெருமாள் நாடாளுமன்றம் வரை போய், 1969இல் தீண்டாமை குறித்த அறிக்கையை நாட்டின் முன் வைத்தார். இருவரும் இங்கேயே இருந்தார்கள்.

இருப்பது எளிது என்று சொல்ல வரவில்லை. சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில் 2023 ஜூலையில் என்எல்சி கால்வாய் வெட்டக் கதிர் வந்த வயலில் எந்திரம் இறக்கியதைப் பார்த்தோம். நிலம் உள்ளவனுக்கு இழப்பீட்டுப் பேச்சுவார்த்தையாவது உண்டு. அந்த வயலில் கூலிக்கு நட்டவள் எந்தப் பட்டியலில் வருகிறாள்?

ஆகவே போகிற பிள்ளைகளைத் தடுக்க இதை எழுதவில்லை. சம்பளக் கணக்கோடு இதையும் கேளுங்கள் என்கிறேன்: அங்கே பத்து வருடம் கழித்து உங்கள் பெயரில் என்ன காகிதம் இருக்கும்? கண்ணகி நகரில் குடியேற்றப்பட்டவருக்கு முதலில் கிடைப்பது ஒதுக்கீட்டு ஆணை. தவணை முழுவதும் கட்டினால்தான் விற்பனைப் பத்திரம். சிங்கப்பூர் ஒர்க் பெர்மிட்டில் முதலாளியின் பெயர் இருக்கும். நம் தெருக்களில் பல குடும்பங்களுக்கு இருக்கிற ஒரே காகிதம், ஆதிதிராவிடர் நலத்துறையிடம் நடையாய் நடந்து அம்மாவின் பெயரில் வாங்கிய மூன்று சென்ட் மனைப் பட்டா. ஏஜென்டுக்குக் கட்டும் பணத்துக்காக இப்போது அடகுக்குப் போய்க்கொண்டிருப்பது அந்தப் பட்டாதான்.