ஏஜ் ஆஃப் எம்பயர்ஸும் நம்ம காஞ்சி மதிலும்

1999-ல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 இன்னும் ஏன் அலுக்கவில்லை? உணவு, மரம், பொன், கல் எல்லாம் வேண்டும். ஆனால் எதிரி நம் முறைக்காகக் காத்திருக்க மாட்டான். வயலா, மதிலா, படையா? ஒன்றை எடுத்தால் இன்னொன்று தள்ளிப்போகும். காமர்ஸ் வகுப்பில் படிக்கும் வாய்ப்புச் செலவு இதுதானே! அந்தப் பதற்றம்தான் ருசி.

நம்ம ஊரும் இதை நிஜமாகவே பார்த்திருக்கிறது. இரண்டாம் புலிகேசி படையெடுத்தபோது பல்லவன் காஞ்சி மதிலுக்குள் பதுங்கினான் என்று 634-ஆம் ஆண்டு ஐஹொளே கல்வெட்டு பெருமையடிக்கிறது. ஆனால் மகேந்திரவர்மனின் மகன் நரசிம்மவர்மன் சுமார் 642-ல் சாளுக்கியரின் தலைநகர் வாதாபியையே பிடித்துவிட்டான். மதில் வாங்கித் தந்தது வெற்றியை அல்ல, நேரத்தை.

2022-ல் ராஜேந்திர சோழனும் இந்த கேமுக்குள் வந்துவிட்டார். ஆடுங்கள் நண்பர்களே! ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: நமக்கு ரீஸ்டார்ட் உண்டு. அன்று மதிலுக்கு வெளியே இருந்த ஊர்களுக்கு அது இல்லை.