வாக்கும் வழக்கும்: ‘தி குட் வைஃப்’ தொடரில் பதவியும் கைம்மாறும்

முன்னுரை

செய்தியாளர்கள் முன்னால் ஓர் அரசியல்வாதி தன் பாலியல் தவற்றை ஒப்புக்கொள்கிறார். மனைவி அருகில் வாய்திறவாமல் நிற்கிறார். 2008 மார்ச்சில் நியூயார்க் ஆளுநர் எலியட் ஸ்பிட்சர் பதவி விலகியபோது உலகம் பார்த்தது இப்படியொரு காட்சியைத்தான். இத்தகைய காட்சியிலிருந்தே ராபர்ட் கிங், மிஷெல் கிங் இணையர் ‘தி குட் வைஃப்’ தொடரைத் தொடங்கினர். சிபிஎஸ் தொலைக்காட்சியில் 2009 செப்டம்பர் 22 முதல் 2016 மே 8 வரை ஏழு பருவங்களில் 156 பகுதிகளாக அது ஒளிபரப்பானது. சிகாகோவை உள்ளடக்கிய குக் கவுண்டியின் தலைமை அரசு வழக்குரைஞன் பீட்டர் ஃபுளோரிக் ஊழல், பாலியல் குற்றச்சாட்டுகளில் சிறை செல்கிறான். பிள்ளை வளர்ப்புக்காகப் பல ஆண்டுகளுக்கு முன்பே தொழிலை விட்டிருந்த மனைவி அலிசியா மீண்டும் வழக்குரைஞராக நீதிமன்றங்களில் ஏறி இறங்கத் தொடங்குகிறாள்.

ஏமாற்றப்பட்ட ஒரு பெண் தன்னைத் தானே மீட்டெடுக்கும் கதை என்றே இத்தொடர் பெரும்பாலும் வாசிக்கப்படுகிறது. அந்த வாசிப்பு தவறன்று; ஆனால், கதைமாந்தரின் உள்ளத்தை மட்டும் பார்ப்பதால் அவர்கள் நடமாடும் அமைப்பு கண்ணில் படாமல் போகிறது. பதவி வேட்கையைத் தனிமனிதக் குணக்கேடாக இத்தொடர் காட்டவில்லை. வழக்குத் தொடுக்கும் அதிகாரத்தை வாக்குப்பெட்டியோடு பிணைத்துவைத்த ஏற்பாட்டின் விளைச்சலாகக் காட்டுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம். அந்த ஏற்பாட்டில் அதிகாரம் ஆணையின் வடிவில் நடமாடுவது குறைவு; கைம்மாறாக, திருப்பிச் செலுத்தவேண்டிய கடனாக நடமாடுவதே மிகுதி.

தேர்தலில் நிற்கும் வழக்குரைஞர்

இந்தியாவில் அரசு வழக்குரைஞரை அரசு நியமிக்கிறது. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் அவரை அந்தந்தப் பகுதி மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். குக் கவுண்டியில் அப்பதவிக்கு நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, கட்சி அடையாளத்தோடு தேர்தல் நடக்கிறது. இல்லினாய் மாநிலத்தில் மாவட்ட நீதிபதிகளும் கட்சி சார்பில் வாக்குக் கேட்டே முதன்முறை பதவிக்கு வருகிறார்கள். மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவராக வழக்குரைஞர் இருக்கவேண்டும் என்ற நல்ல நோக்கம் இதற்குப் பின்னால் உண்டு. ஆனால், யார்மீது வழக்கு, எந்தப் பிரிவில், எவரோடு சமரசம் என்பதை முடிவுசெய்யும் கை, நன்கொடைக்கும் நீளவேண்டிய கையாகிவிடுகிறது. பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான ராபர்ட் ஜாக்சன், அரசின் தலைமை வழக்குரைஞராக இருந்த 1940இலேயே எச்சரித்தார்: குற்றத்தைக் கண்டு குற்றவாளியைத் தேடாமல், ஆளை முதலில் தேர்ந்துகொண்டு அவருக்கேற்ற குற்றத்தைச் சட்டப் புத்தகத்தில் தேடுவதே இப்பதவியின் ஆகப் பெரிய ஆபத்து என்பது அவர் கருத்து.

இப்பதவி மேலே ஏறுவதற்கான படியாகவும் இருந்துவந்திருக்கிறது. 1980இல் தேர்ந்தெடுக்கப்பட்டு 1989 வரை குக் கவுண்டியின் தலைமை வழக்குரைஞராக இருந்த ரிச்சர்ட் எம். டேலி, அடுத்து 2011 வரை சிகாகோவின் மேயராக இருந்தார். அவருடைய தந்தை ரிச்சர்ட் ஜே. டேலி 1955 முதல் 1976இல் இறக்கும்வரை அதே மேயர் நாற்காலியில் அமர்ந்து, வேலை கொடுத்து வாக்கு வாங்கும் கட்சி இயந்திரத்தை நடத்தியவர். அரசியல் சார்பு பார்த்து நகராட்சி வேலை தருவதைக் கட்டுப்படுத்த ஷாக்மன் வழக்கும் அதில் 1972 முதல் பிறந்த ஆணைகளும் தேவைப்பட்டன. 1980களில் ‘கிரேலார்டு’ என்ற நடுவணரசுப் புலனாய்வு, குக் கவுண்டி நீதிமன்றங்களில் கையூட்டு வாங்கிய நீதிபதிகளையே சிறைக்கு அனுப்பியது. தொடரின் களம் சிகாகோவாக அமைந்ததன் பொருத்தம் இங்கே விளங்கும். அந்நகரின் அரசியல் வரலாறு கைம்மாற்றின் வரலாறும் ஆகும்.

வகைமையில் ஒரு திருப்பம்

1957 முதல் 1966 வரை வந்த ‘பெரி மேசன்’ தொடரில் நீதிமன்றம் உண்மை வெளிப்படும் இடம். சாட்சிக் கூண்டிலேயே மெய்க்குற்றவாளி உடைந்துபோவான். அரசு வழக்குரைஞருக்குத் தோல்வியே வாடிக்கை. 1990இல் தொடங்கிய ‘லா அண்ட் ஆர்டர்’ அரசு வழக்குரைஞர் அலுவலகத்தையே நாயகன் ஆக்கியது. அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட தலைமை வழக்குரைஞர் அரசியல் நெருக்கடியை நினைவூட்டுவார். வழக்கை நடத்துபவர்கள் அதைத் தாண்டிச் செல்வார்கள். அரசியல் அங்கே வாசற்படியோடு நின்றுவிடும்.

‘தி குட் வைஃப்’ அந்த வாசற்படியை எடுத்துவிட்டது. வாரந்தோறும் ஒரு வழக்கு தொடங்கி முடிகிறது. அதற்கு அடியில், முடியாத ஒரு தேர்தல் ஓடிக்கொண்டே இருக்கிறது. பீட்டர் மீண்டும் தலைமை வழக்குரைஞன் ஆகிறான். அங்கிருந்து மக்கள் தேர்ந்தெடுக்கும் ஆளுநர் பதவிக்குப் போகிறான். இறுதிப் பருவத்தில் நாட்டின் உச்சப் பதவியை நோக்கிக் கிளம்பித் தோற்கிறான். நடுவே அலிசியாவும் அதே வழக்குரைஞர் பதவிக்கு நிற்கிறாள். ஒரு வழக்கின் வெற்றி அந்தப் பகுதியோடு முடிவதில்லை. அந்த வெற்றிக்கு யார் உதவினார், என்ன விலை என்பது அடுத்த பருவத்தில் தெரியவருகிறது. வாராந்தர வழக்கும் நெடுங்கதையும் இப்படிப் பிணைந்திருப்பது வடிவத்தின் வசதிக்காக மட்டும் இல்லை. தீர்ப்பு வழக்கை முடிக்கும், கடனைத் தீர்க்காது என்பதைத் தொடர் தன் கட்டமைப்பாலேயே சொல்கிறது.

கடன் கைமாறும் விதம்

முதல் பருவத்தின் முடிவிலேயே அதற்குச் சான்று கிடைக்கிறது. அலிசியா வேலைக்குச் சேர்ந்த வழக்குரைஞர் நிறுவனத்தில் ஒரே ஒரு இளநிலை வழக்குரைஞர் இடம். போட்டி அலிசியாவுக்கும் கேரி ஏகோஸுக்கும். திறமையில் இருவரும் இணை. கணவனின் அரசியல் ஆலோசகன் ஈலை கோல்டின் உதவியை நாடிய பிறகு அந்த இடம் அலிசியாவுக்குக் கிடைக்கிறது. தோற்ற கேரி அரசு வழக்குரைஞர் அலுவலகத்துக்குப் போய் எதிரணியில் நிற்கிறான். தன் காலில் நிற்கப் புறப்பட்டவளின் முதல் உறுதியான அடியே கணவனின் அரசியல் வட்டத்தில் வாங்கிய கடனில் விழுகிறது. தொடரை மீட்சியின் கதையாக மட்டும் வாசிப்பவர்கள் கடந்துபோகும் இடம் இது.

அந்நிறுவனத்தின் புலனாய்வாளர் கலிண்டா சர்மாவுக்கும் இப்படியொரு கடன் உண்டு. பழைய வாழ்விலிருந்து தப்ப அவளுக்குப் புது அடையாளம் கிடைத்தது பீட்டரின் அதிகாரத்தால். அதற்குப்பின் அவளுக்கும் பீட்டருக்கும் இடையே நேர்ந்த ஓர் இரவு, பின்னால் அலிசியாவுக்கும் அவளுக்கும் இருந்த நட்பை அறுக்கிறது.

மூன்றாம் பருவத்தில் இந்தக் கணக்கு சட்டத்தின் உடையில் வருகிறது. தேர்தலில் தன்னிடம் தோற்ற வெண்டி ஸ்காட்-காரைச் சிறப்பு வழக்குரைஞராக பீட்டர் அமர்த்துகிறான். நீதிபதிகளுக்குக் கையூட்டு தந்ததாக, அலிசியாவின் நிறுவனத் தலைவர்களுள் ஒருவனான வில் கார்ட்னர் மீது விசாரணை. வெளியே பார்த்தால் நடுநிலை. ஆனால், வெண்டிக்கு வேண்டியது வில் அல்ல, வில்லின் வழியாக பீட்டர். குற்றத்தை விட்டு ஆளைத் தேடும் வழக்கு எது என்று ஜாக்சன் சொன்னது இங்கே காட்சியாகிறது. பெருநடுவர் குழு வில் மீது குற்றம் சாட்ட மறுக்கிறது. இருந்தும் பழைய தவறு ஒன்று தோண்டப்பட்டு, ஆறு மாதம் அவன் தொழில் செய்யத் தடை விழுகிறது.

இந்த இடத்தில் தமிழின் ஒரு சொல் உதவும். செஞ்சோற்றுக்கடனில் உண்டவர் யார், ஊட்டியவர் யார் என்பது ஊரறிந்தது. கடனைத் தீர்ப்பவர் உயிரையே கொடுத்தாலும் அதில் ஒரு பெருமை இருக்கும், ஏனெனில் அது வெளிச்சத்தில் தீர்க்கப்படுகிறது. இத்தொடரின் கைம்மாறு அதற்கு நேர்மாறானது. கொடுப்பவர் கணக்கு எழுதுவதில்லை, பெறுபவர் பெற்றதாக ஒப்புவதில்லை. ஐந்தாம் பருவத்தில் அலிசியா தனி நிறுவனம் தொடங்கும்போது, பெரும் வாடிக்கையாளரான ‘சம்ஹம்’ இணைய நிறுவனம் அவள்பக்கம் சாய்வதற்கு ஆளுநரின் செல்வாக்கு வேலைசெய்கிறது. கட்டளை ஏதும் பிறக்கவில்லை. சட்டமும் வெளிப்படையாக மீறப்படவில்லை. அதனால்தான் அந்த அதிகாரத்தைச் சட்டத்தால் பிடிக்கவும் முடியவில்லை.

அலிசியா வேட்பாளராகும்போது

ஆறாம் பருவம் இந்த வாதத்தின் உச்சம். தலைமை வழக்குரைஞர் பதவிக்கு அலிசியாவும் ஊடகவியலாளர் ஃபிராங்க் பிரேடியும் மோதுகிறார்கள். இருவரும் நாகரிகமானவர்கள். ஆயினும் பிரசாரம் அவர்களை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. போதைப்பொருள் வணிகன் லெமண்ட் பிஷப்பின் பணம் அலிசியாவுக்கு ஆதரவான அமைப்பு ஒன்றுக்குள் வருகிறது. நாளை அவனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவேண்டிய பதவிக்கு இன்று அவன் பணமே ஏணியாகிறது.

அப்பருவத்தின் தேர்தல் விவாதப் பகுதி தனித்துக் கவனிக்கத்தக்கது. ஒளிக்கருவிகளின் முன் இருவரும் ஒத்திகை பார்த்த விடைகளைச் சொல்கிறார்கள். விவாதம் தடைபட்ட வேளையில், வேலையாட்கள் நிற்கும் சமையலறையில் தற்செயலாக எதிர்ப்படும்போதுதான் இனம், காவல்துறை, தண்டனை பற்றி மெய்யாகப் பேசிக்கொள்கிறார்கள். வாக்காளர் அறியவேண்டிய உரையாடல் வாக்காளர் பார்க்காத இடத்தில் நடக்கிறது. தேர்தல் வழக்குரைஞரைப் பொறுப்புள்ளவராக்கும் என்ற அடிப்படை நம்பிக்கையையே அக்காட்சி கேள்வியாக்குகிறது.

அலிசியா வெல்கிறாள். உடனே வாக்கு இயந்திரங்களில் முறைகேடு நடந்ததாகக் குற்றச்சாட்டு. மாநில மேலவையில் தன் பெரும்பான்மைக்குக் கேடு வராமல் காக்க, கட்சி அவளைப் பலிகொடுக்கிறது. அவளுக்காக வாதாட அனுப்பப்பட்ட வழக்குரைஞரே அவளைக் கைவிடுகிறார். தான் செய்யாத குற்றத்துக்காக அவள் பதவியை விடுகிறாள். அவள் வாங்காத கடனும் அவள் பெயரிலேயே எழுதப்பட்டிருந்தது.

இரண்டு மறுப்புகள்

இவ்வாசிப்பை இரு வகையில் மறுக்கலாம். முதலாவது, ஐந்தாம் பருவத்தில் நீதிமன்றத்திலேயே வில் சுட்டுக்கொல்லப்படுகிறான். சிறையில் நொறுங்கிப்போன இளம் கட்சிக்காரன் ஒருவன் கண நேரத்தில் செய்த காரியம் அது, அதில் அரசியலும் இல்லை, கைம்மாறும் இல்லை என்பது. உண்மைதான், சாவு தற்செயலானது. ஆனால், அதற்குப் பின் நடப்பது தற்செயல் அன்று. அந்த இளைஞன்மீது வழக்கு நடத்திய ஃபின் போல்மர் தலையில் பழியைச் சுமத்த அவன் மேலதிகாரியான தலைமை வழக்குரைஞர் கேஸ்ட்ரோ முயல்கிறார். துயரமும் தேர்தல் கணக்குக்குள் இழுக்கப்படுகிறது.

இரண்டாவது மறுப்பு வலுவானது. எல்லாவற்றுக்கும் அமைப்பே காரணம் என்றால், மனிதரின் அறப்பொறுப்பு என்னாவது? இத்தொடர் யாரையும் மன்னித்து விடவில்லை என்பதே என் விடை. ஒவ்வொருவரும் தேர்ந்தே செய்கிறார்கள். எந்தத் தேர்வுக்கு என்ன விலை என்பதை மட்டும் அமைப்பு முன்கூட்டியே குறித்துவைத்திருக்கிறது. நேர்மைக்கு விலை அதிகம், இணங்கிப்போவதற்குக் குறைவு. அந்த விலைப்பட்டியலை வாசிக்காமல் கதைமாந்தரை எடைபோடுவது அரைகுறை விமர்சனம்.

முடிவுரை: இரண்டு ஒப்புதல்கள்

தொடரின் இறுதி இரு பருவங்களில் இரண்டு பேர் குற்றத்தை ஒப்புக்கொள்ள இணங்குகிறார்கள். ஒருவன் கேரி. பிஷப்பைப் பிடிப்பதற்காக அவனுடைய வழக்குரைஞனான கேரிமீது வழக்குத் தொடுக்கப்படுகிறது. குற்றமற்ற அவன், நெடுஞ்சிறைக்கு அஞ்சிக் குறுஞ்சிறைக்கு ஒப்புகிறான். அவனைக் கடைசியில் விடுவிப்பதும் கலிண்டா புனைந்த சான்றுதான். மற்றவன் பீட்டர். முன்பு தலைமை வழக்குரைஞனாக இருந்தபோது பெரும் நன்கொடையாளர் ஒருவரின் மகனைக் கொலை வழக்கிலிருந்து காப்பாற்றச் சான்றை மறைத்தான் என்பது அவன்மீதான குற்றச்சாட்டு. சிறை இல்லை, ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் பதவி விலகலும் மட்டுமே.

இப்படி ஒப்புதலால் வழக்கு முடிவது கற்பனையின் மிகை அல்ல. 2012இல் ‘மிசௌரி எதிர் ஃபிரை’ வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே பதிவுசெய்தது: மாநில நீதிமன்றங்களில் குற்றத்தீர்ப்புகளுள் 94 விழுக்காடு விசாரணையால் வருவதில்லை, இத்தகைய ஒப்புதல்களால் வருகிறது. அப்படியானால் நீதியின் பெரும்பகுதி நிகழ்வது பேரத்தின் மேசையில். அந்த மேசையின் ஒருபுறம் அமர்ந்திருப்பவர் அடுத்த தேர்தலை எண்ணிக்கொண்டிருக்கும் மனிதர். கேரிக்கும் பீட்டருக்கும் கிடைத்த பேரங்களுக்கு இடையிலான தூரமே பதவியின் மதிப்பு.

இறுதிக் காட்சியில் அலிசியா மீண்டும் பீட்டரின் பக்கத்தில், செய்தியாளர் முன் நிற்கிறாள். அவனைக் காப்பாற்ற, தன் கூட்டாளி டயான் லாக்ஹார்ட்டின் மண வாழ்வை நீதிமன்றத்தில் விலையாகக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். நடைவழியில் டயான் அவளை அறைகிறாள். முதல் பகுதியில் பீட்டரை அலிசியா அறைந்ததும் செய்தியாளர் கூட்டம் முடிந்த இப்படியொரு நடைவழியில்தான். அன்று கடன் கொடுத்து ஏமாந்தவளாக நின்றவள், இன்று கடன்பட்டவளாக நிற்கிறாள். கன்னத்தைப் பிடித்தபடி ஒரு கணம் நின்று, உடையைச் சரிசெய்துகொண்டு, அவள் நடக்கத் தொடங்குகிறாள். அடுத்த தேர்தலுக்கு ஆயத்தமான ஒருத்தியின் நடையாக அது இருக்கக்கூடும் என்பதே இத்தொடர் நமக்கு விட்டுச்செல்லும் அச்சம். வழக்குத் தொடுக்கும் அதிகாரத்தை யாருக்கு, எந்த நிபந்தனையில் ஒப்படைக்கிறோம் என்று கேட்கும் எந்தச் சமூகமும் அந்த அச்சத்தைப் பொழுதுபோக்கென ஒதுக்கிவிடக் கூடாது.